“அவ்வளவுதான், தம்பி!” — ஒரு டக்கோட்டா விமானத்தின் சரிதை

திருவிழாக் காலத்திலே சுவாமி வீதிவலம் வரும்போது நம் கண்கள் எங்கே செல்கின்றன? சாத்துப்படியையும், மாலைகளையும், வாகனத்தின் வேலைப்பாட்டையும் கண்டு களிக்கின்றோம், கைகூப்புகின்றோம். அவ்வாகனத்தைத் தோளிலே காவி, வெயிலென்றும் மழையென்றும் பாராது நடந்துவருபவரின் முகங்களை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. மறுநாள் அவர் யாரென்று கேட்டால் விடை கூறுவது அரிது.

போர் வரலாற்றிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. இரண்டாம் உலகப் போரிலே சண்டையிட்ட விமானங்களின் பெயர்களையும், குண்டு வீசிய விமானங்களின் பெயர்களையும் பாடசாலைச் சிறுவரும் ஒப்புவிப்பர். ஆட்களையும், உணவையும், மருந்தையும், பெற்றோலையும் ஓயாது காவித் திரிந்த விமானங்களோ பெயரின்றிப் போயின. அத்தகைய காவு விமானம் ஒன்றின் கதையை ஈண்டு கூறப் புகுகின்றோம். அது பெரும் படையொன்றுக்கு முன்னணியிற் பறந்த விமானம். பின்னர் எழுபது ஆண்டுகள் தன் பெயரையே இழந்திருந்த விமானம். ஓர் எண்ணினாலே மீட்கப்பட்ட விமானம்.

டக்கோட்டா என்னும் குலம்

‘டக்கோட்டா’ என்ற பெயர் நம் நாட்டு மூத்த தலைமுறையினர்க்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டு திசெம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் தாபனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது, அச்சேவையிலே பயன்பட்டது டக்கோட்டா வகை விமானமே. போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த இவ்வகை விமானங்களைக் கொண்டே உலகின் எத்தனையோ நாடுகள் தத்தம் விமான சேவையைத் தொடங்கின. வடபுலத்தார் பலர் தம் வாழ்விலே முதன்முதலாக அண்மையிற் கண்ட விமானமும் இதுவே எனலாம்.

இதன் மூலவடிவம் அமெரிக்காவிலே டக்ளஸ் நிறுவனம் பயணிகளுக்கென ஆக்கிய டி.சி.3 என்னும் விமானமாகும். அது முதன்முதலாகப் பறந்த நாள் 1935ஆம் ஆண்டு திசெம்பர் 17. ரைற் சகோதரர் முதன்முதல் வானில் எழுந்த நாளும் அதே திகதி என்பது அறிந்து மகிழத்தக்கது; இடையே கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகளே. பகலில் இருபத்தொரு பயணிகளை இருத்தியும், இரவிற் பதினான்கு பேரைப் படுக்க வைத்தும் கொண்டு செல்வதற்கென அது அமைக்கப்பட்டது.

போர் வந்ததும் அவ்விமானத்துக்குப் புதுக் கோலம் புனையப்பட்டது. மெத்தை இருக்கைகள் நீக்கப்பட்டன. பக்கச் சுவரோரமாக மடித்து வைக்கத்தக்க நீள வாங்குகள் பொருத்தப்பட்டன. தரை வலுவூட்டப்பட்டது. இடப்புறத்திலே, ஜீப் வண்டியையும் ஏற்றத்தக்க அகன்ற இரட்டைக் கதவு அமைக்கப்பட்டது. வாலிலே கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானங்களை இழுத்துச் செல்வதற்கான கொளுக்கி பூட்டப்பட்டது. இவ்வாறு மாறியதற்கு அமெரிக்கர் சி.47 எனப் பெயரிட்டனர். பிரித்தானியரோ டக்கோட்டா என்றனர். இரு சிறகுகளுக்கும் இடைப்பட்ட முழு நீளம் 95 அடிக்குச் சற்று மேல். எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு கொண்டவை. சுமக்கும் பாரம் ஏறத்தாழ 6,000 இறாத்தல். கதி மணிக்கு 160 மைல் அளவினது. இவ்வகை விமானங்கள் பதினாயிரத்துக்கு மேலாகக் கட்டப்பட்டன.

இவ்விமானத்தில் இல்லாதவற்றையும் கூறல் வேண்டும். இதிலே துப்பாக்கி இல்லை. விமானியைக் காக்கும் கவசத் தகடு இல்லை. துளைபட்டால் தானே மூடிக்கொள்ளும் எண்ணெய்த் தாங்கி இல்லை. தன்னைச் சுடுபவனைத் திருப்பிச் சுடவும் இயலாது, விரைந்து விலகவும் இயலாது, சொன்ன பாதையிலே சொன்ன உயரத்திலே நேராகப் பறக்கக் கடமைப்பட்டது இது. போர் முடிந்தபின் தளபதி ஐசனோவர் தம் நூலிலே, வெற்றிக்கு இன்றியமையாதன என மூத்த அதிகாரிகள் கருதிய கருவிகளுள் நான்கைக் குறிப்பிட்டார். அவை புல்டோசர், ஜீப், இரண்டரைத் தொன் லொறி, சி.47 விமானம் என்பன. இவற்றுள் எதுவும் போரிடுவதற்கென ஆக்கப்பட்டதன்று என்பதையும் அவர் வியப்போடு சுட்டினார்.

ஓர் எண்ணும் ஒரு பெயரும்

நாம் கூறவந்த விமானம் 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஒக்லகோமா நகரில் இருந்த டக்ளஸ் தொழிற்சாலையிற் கட்டி முடிக்கப்பட்டது. அத்தொழிற்சாலை போர்க்காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சி.47 விமானங்களை ஈன்றது. ஆடவர் போர்முனைக்குச் செல்ல, பெண்கள் பலர் அங்கே தகடு வெட்டியும் ஆணி அறைந்தும் பணியாற்றினர்.

ஒன்றுபோலவே தோன்றும் ஆயிரக்கணக்கான விமானங்களை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. நம் விமானத்தின் எண் 42-92847. முன்னிற்கும் 42 என்பது, விமானத்துக்குக் கட்டளை இடப்பட்ட 1942ஆம் நிதியாண்டைக் குறிக்கும்; பின்னிற்பது வரிசை எண். விமானத்தின் வாலிலே எழுதும்போது முதல் இலக்கமாகிய 4ஐ விட்டுவிட்டு 292847 என எழுதுவது வழக்கம். வாசகர்கள் இந்த எண்ணைச் சற்று மனத்திற் கொள்வார்களாக. கதையின் முடிவு இதனிலேதான் தங்கியிருக்கின்றது.

எண்ணோடு பெயரும் வந்து சேர்ந்தது. இவ்விமானம் இங்கிலாந்திலே கிரீனம் கொமன் என்னுந் தளத்தில் இருந்த 438ஆம் படைகாவு விமானக் கூட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கூட்டத்தின் தலைவர் லெப்டினன்ட் கேணல் ஜோன் டொனல்சன். அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரத்தவர். ஹிட்லரை நோக்கிக் கூறும் ஒரு செய்தியாக, விமானத்தின் மூக்கிலே ‘தற்ஸ் ஓல், பிறதர்’ என்னுஞ் சொற்கள் எழுதப்பட்டன. நம் ஊர் வழக்கிற் கூறுவதானால், ‘அவ்வளவுதான், தம்பி!’ என்பதே அதன் பொருள். உன் ஆட்டம் முடிந்தது என்று, கோபமின்றி, இகழ்ச்சி கலந்த நிதானத்தோடு சொல்லுஞ் சொல் அது.

1944 யூன் 5 இரவு

மேற்கைரோப்பா அப்பொழுது ஜேர்மனியின் பிடியில் இருந்தது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சின் நோர்மண்டிக் கரையிலே நேசநாட்டுப் படைகளை இறக்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது. மேற்கோரத்திலே யூட்டா எனப் பெயரிடப்பட்ட கடற்கரைக்குப் பின்னால் நிலம் தாழ்ந்திருந்தது. ஜேர்மனியர் அதிலே நீரைப் பெருக்கிவைத்திருந்தனர். கரையில் இறங்கும் படை உள்ளே செல்வதற்கு அந்நீர்ப்பரப்பின் ஊடே சென்ற சில ஒடுங்கிய தாம்போதிகளே வழி. அவற்றின் மறுமுனையைப் பகைவர் காத்து நின்றால், கரை இறங்குவோர் கடலுக்கும் வெள்ளத்துக்கும் இடையே அகப்பட்டு மடிவர். ஆதலின் விடியுமுன்னரே வானிலிருந்து பரசூட் வீரரை இறக்கி அம்முனைகளைக் கைப்பற்றல் வேண்டும். இக்காரணம் பற்றியே 82ஆம், 101ஆம் வான்வழிப் படைப்பிரிவுகள் ஏவப்பட்டன.

இது பேராபத்தான செயல் என்று எச்சரித்தோர் உளர். நேசநாட்டு விமானப்படைத் தலைவராகிய லீ மலோரி, இறங்குவோரிற் பெரும்பகுதியினர் அழிவர் என அஞ்சி, இம்முயற்சியைக் கைவிடுமாறு மே மாத இறுதியில் ஐசனோவரிடம் வேண்டினார். ஐசனோவர் தனித்திருந்து சிந்தித்து, திட்டம் நடைபெறவே வேண்டுமெனக் கட்டளையிட்டார். யூன் 5ஆந் திகதி மாலை அவர் தாமே கிரீனம் கொமன் தளத்துக்குச் சென்று, முகத்திலே கரி பூசிப் புறப்பட ஆயத்தமாய் நின்ற 101ஆம் பிரிவு இளைஞரிடையே நடந்து, அவர்களோடு உரையாடினார். அவ்வேளை எடுக்கப்பட்ட ஒளிப்படம் உலகறிந்தது. தாம் சாவுக்கு அனுப்புவோரை நேரிற் கண்டு பேசும் துணிவு எல்லாத் தலைவர்க்கும் வாய்ப்பதன்று.

அன்றிரவு எண்ணூறுக்கு மேற்பட்ட சி.47 விமானங்கள் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீரரைச் சுமந்து சென்றன. இறங்குமிடத்தைக் குறிகாட்டுவதற்கெனச் சில விமானங்கள் முன்கூட்டியே சென்றிருந்தன. அவற்றின் பின் வந்த பெருந்தொகுதிக்கு முன்னணியாய், டொனல்சன் செலுத்திச் சென்றது ‘அவ்வளவுதான், தம்பி’ என்னும் இவ்விமானமே.

இவ்விமானம் தலைமை தாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லா விமானங்களிலும் வழிகாட்டுங் கருவிகள் இருக்கவில்லை. அணித் தலைமை விமானங்கள் சிலவற்றிலேயே ராடர் பொருத்தப்பட்டிருந்தது. இவ்விமானம் அவற்றுள் ஒன்று. ராடர் வெளிவிடும் வானொலி அலைகள் தரையில் மோதித் திரும்பும் அளவும், நீர்ப்பரப்பில் மோதித் திரும்பும் அளவும் வேறுபடும். அதனால் கருவித் திரையிலே கடலும் கரையும் பிரிந்து தோன்றும். கரையோரத்தின் வளைவைக் கண்டு, தாம் நிற்கும் இடத்தை இருளிலும் ஊகிக்கலாம். ஏனைய விமானிகளுக்கு வழிகாட்டி, முன்னே செல்லும் விமானத்தின் சிறகில் மங்கலாய் எரிந்த நீல விளக்குகளே. வானொலியிற் பேசுதல் தடை. முன்னவன் வழி தவறினால் பின்னவன் யாவனும் தவறுவான். தலைமையின் பாரம் என்பது இதுவன்றோ!

பறப்பும் பாய்ச்சலும்

வீரர்கள் விமானத்தினுள்ளே இரு புறமும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவரும் சுமந்த பரசூட், துவக்கு, வெடிமருந்து, உணவு ஆகியவற்றின் பாரம் காரணமாகத் தாமாக எழுந்து நிற்றலும் கடினமாயிருந்தது. விமானத்தின் உள்ளே நெடுகிலும் உறுதியான ஓர் உருக்குக் கம்பி கட்டப்பட்டிருக்கும். பாயும் நேரம் அணுகும்போது கதவருகே சிவப்பு விளக்கு எரியும். உடனே அனைவரும் எழுந்து, தத்தம் பரசூட்டிலிருந்து வரும் வாரின் கொளுக்கியை அக்கம்பியிலே மாட்டுவர். பச்சை விளக்கு எரிந்ததும் ஒருவர் பின் ஒருவராய்ப் பாய்வர். பாய்ந்தவரின் பாரத்தினால் வார் இழுபட்டுப் பரசூட் தானாகவே விரியும். விரிப்பதற்கு வீரர் கைநீட்ட வேண்டியதில்லை. அவ்விளக்கை எரிய விடுவது விமானியின் கடமை. அவர் ஒரு நிமிடம் பிந்தினால், கீழே அவ்வீரர் இரண்டு மைலுக்கு அப்பால், தம்மவர் எவருமில்லாத வயலிலே தனித்து நிற்பார்.

இங்கிலாந்தின் தென்கரையைக் கடந்த விமானங்கள், பகைவரின் ராடருக்கு அகப்படாதிருக்கக் கடலுக்கு மேலே ஐந்நூறு அடி உயரத்திற் பறந்தன. நேரே நோர்மண்டிக்குச் செல்லாது, மேற்கே சுற்றி, கால்வாய்த் தீவுகளுக்கு இடையே புகுந்து, கொற்றன்டன் குடாநாட்டின் மேற்குக் கரையினூடாக உட்புகுந்தன. கடற்கரையிலே திரண்டிருந்த தம் கப்பல்களே தவறுதலாகச் சுட்டுவிடாதிருக்கவும் இச்சுற்றுவழி உதவியது. விமானங்களின் சிறகுகளிலும் உடலிலும் வெள்ளையுங் கறுப்புமாகப் பட்டை பட்டையாய் வர்ணம் தீட்டியிருந்ததும் அக்காரணம் பற்றியே.

குடாநாட்டின் மேல் எதிர்பாராத முகிற்கூட்டம் ஒன்று காத்திருந்தது. முகிலுக்குள் நுழைந்ததும் நீல விளக்குகள் மறைந்தன. மோதிவிடுவோமென்ற அச்சத்தால் விமானிகள் சிலர் மேலெழுந்தனர், சிலர் கீழிறங்கினர், அணி குலைந்தது. முகிலைக் கடந்தபோது விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்கின. பாய்வதற்கு ஏற்றவாறு கதியைக் குறைக்க வேண்டிய விமானிகளிற் சிலர் குறைக்க இயலாது விரைந்தனர். நள்ளிரவு கழிந்து ஒரு மணி ஆகுமுன்னரே முதல் அணியினர் குதிக்கத் தொடங்கினர்.

திட்டமிட்ட இடத்திலே இறங்கியோர் சிலர். பல மைல் விலகி விழுந்தோர் பலர். பெருகிய நீரில் வீழ்ந்து, சுமையினால் அமிழ்ந்து இறந்தோரும் உளர். இதை மறைத்து வெற்றி பாடுதல் வரலாறாகாது. ஆயினும் சிதறிய வீரர்கள் கண்டவரோடு கூடிச் சிறு சிறு குழுக்களாகித் தாம்போதி முனைகளை நோக்கி விரைந்தனர். எங்கும் பரந்து காணப்பட்ட அவர்களின் தொகையை அளவிட இயலாது பகைவரும் குழம்பினர். விடிந்தபின் யூட்டாக் கரையில் இறங்கிய படையினர், அயலே ஒமாகாக் கரையில் இறங்கியோர் பட்ட பேரிழப்புக்குத் தப்பி, உள்நாடு நோக்கி முன்னேறினர்.

காவு விமானங்களுள் அன்றிரவு வீழ்ந்தவை நூற்றுக்கு மூன்று வீதத்துக்கும் உட்பட்டவையே. லீ மலோரி தம் அச்சம் பொய்யானதை ஒப்பி ஐசனோவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் வீழ்ந்த ஒவ்வொரு விமானத்தோடும் இருபது வரையான தாய்மாரின் பிள்ளைகள் வீழ்ந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ‘அவ்வளவுதான், தம்பி’ தன் வீரரை இறக்கிவிட்டு மீண்டு வந்தது.

நோர்மண்டிக்குப் பின்

பெரும்பாலானோர் கதையை இங்கே நிறுத்திவிடுவர். காவுவோருக்கு ஆறுதல் ஏது? அக்கூட்டத்து விமானங்கள் அன்றே மீண்டும் புறப்பட்டு, வீரரையும் தளபாடங்களையும் நிறைத்த கிளைடர்களை இழுத்துச் சென்றன. 1944 ஓகத்து மாதத்திலே தென் பிரான்சில் நடந்த இறக்கத்திலும், செப்தெம்பரில் ஒல்லாந்திலே பாலங்களைக் கைப்பற்ற நடந்த முயற்சியிலும், 1945 மார்ச்சு 24ஆந் திகதி றைன் நதியைக் கடந்த இறக்கத்திலும் இவ்விமானம் பங்குகொண்டது.

இவற்றினிடையே நடந்த ஒன்று நம் மனத்தைத் தொடுவது. 1944 திசெம்பரிலே, பெல்சியத்துப் பஸ்தோன் என்னும் ஊரில் 101ஆம் படைப்பிரிவு பகைவராற் சூழப்பட்டது. கடும்பனி, உணவும் வெடிமருந்தும் அருகின, காயமுற்றோருக்கு மருந்தில்லை. மூடுபனி காரணமாக விமானங்கள் எழ இயலவில்லை. 23ஆந் திகதி வானம் வெளித்தது. உடனே டக்கோட்டாக்கள் திரள் திரளாய் வந்து பரசூட்டுகளிலே பொதிகளை இறக்கின. யூன் மாதத்து இருளிலே எந்தப் படைப்பிரிவினரைச் சுமந்து சென்று இறக்கினவோ, அந்தப் படைப்பிரிவினருக்கே திசெம்பர்ப் பனியில் உயிர்காக்கும் உணவைக் கொண்டு சென்றன. சண்டை விமானம் பகைவனைத் தேடிச் செல்லும். காவு விமானம் தன்னவரைத் தேடிச் செல்லும். இரண்டுக்குமுள்ள வேற்றுமை இதுவே.

நம் ஆசியப் போர்முனையிலும் இந்நிலையே. 1944ஆம் ஆண்டிலே இம்பால் முற்றுகையிடப்பட்டபோது, அங்கிருந்த படையினரைப் பட்டினியினின்று காத்தவற்றுள் டக்கோட்டாக்கள் முதன்மையானவை. அப்போர்முனையை நடத்திய மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையகம் அவ்வாண்டிலேதான் நம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது.

மறைந்ததும் மீண்டதும்

1945இல் போர் முடிந்தது. அமெரிக்கா திரும்பிய இவ்விமானம், தேவைக்கு மிஞ்சிய பொருளென விற்கப்பட்டது. அதனை வாங்கியவர் அது யாரைச் சுமந்ததென்று கேட்கவில்லை. எவ்வளவு சுமக்குமென்றே கேட்டிருப்பர். மூக்கில் இருந்த பெயர் அழிந்தது. வெள்ளையுங் கறுப்புமான பட்டைகள் மறைந்தன. கைகள் பல மாறின; வர்ணங்கள் பல பூசப்பட்டன. ஆயினும் விமானம் உழைத்துக்கொண்டே இருந்தது. இறுதியில் அது விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கே பழைய டக்கோட்டாக்களை வெட்டி நீட்டி, புதுவகை எஞ்சின்களைப் பூட்டி, மீண்டும் தொழிலுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றுண்டு. தன் முறை வரும்வரை பழைய விமானங்களின் நடுவே அதுவும் வெட்டவெளியிலே கிடந்தது. அவ்வேலை நடந்திருக்குமாயின், விமானம் வேறொன்றாகிப் பறந்திருக்கும். வரலாறு முற்றாய் மறைந்திருக்கும்.

இந்நிலையிலே அலபாமா மாநிலத்து விமானக் காவற்படையைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் ஒருவர், தம் மாநிலத்தவரான டொனல்சனின் வாழ்க்கையை ஆராயத் தொடங்கினார். அன்றிரவு டொனல்சன் செலுத்திய விமானம் யாது என்னும் வினா அவருக்கு எழுந்தது. போர்க்கால ஏடுகளைத் தேடியபோது ஓர் எண் கிடைத்தது: 42-92847. அவ்வெண்ணைக் கொண்டு விமானப் பதிவு இடாப்புகளைப் புரட்டினார். உலோகக் குப்பையாய் உருகிப் போயிருக்கும் என எவரும் கருதத்தக்க விமானம், இடாப்பிலே இன்னும் உயிரோடிருந்தது. இருக்கும் இடம் ஒஷ்கொஷ் எனக் கண்டார்.

பழைய போர் விமானங்களைப் பேணும் கொமெமரேற்றிவ் எயர் ஃபோஸ் என்னும் தொண்டர் சங்கத்தார் 2015இல் அதனைக் காக்க முன்வந்தனர். பொதுமக்களிடம் நன்கொடை கோரப்பட்டது. எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு சேர்ந்தது. எந்தத் தொழிற்சாலையிலே உருமாறிப் போகவிருந்ததோ, அத்தொழிற்சாலையின் கைவினைஞரே அதைப் பழைய உருவுக்கு மீட்கும் பணியை ஏற்றனர். துருப்பிடித்த தகடுகள் மாற்றப்பட்டன. உள்ளே வாங்குகளும் வானொலிக் கருவிகளும் போர்க்காலத்தில் இருந்தவாறே அமைக்கப்பட்டன. 2018 சனவரி 31ஆந் திகதி அது மீண்டும் பறந்தது. மூக்கிலே அதே சொற்கள் துலங்கின.

2019ஆம் ஆண்டு, நோர்மண்டி இறக்கத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவுக்காக, அமெரிக்காவிலிருந்து டக்கோட்டாக்கள் பல கூட்டமாய் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தன. கனடா, கிறீன்லாந்து, ஐசுலாந்து, சுகொற்லாந்து எனத் தங்கித் தங்கி, எழுபத்தைந்து வயதான அவ்விமானமும் இங்கிலாந்தை அடைந்தது. யூன் மாதத்திலே, தான் ஒரு முறை இருளிலும் முகிலிலும் கடந்த அக்கால்வாயை மீண்டுங் கடந்து நோர்மண்டி வானிற் பறந்தது. இம்முறை கீழிருந்து எவரும் சுடவில்லை. அண்ணாந்து பார்த்துக் கையசைத்தனர்.

இடாப்பின் அருமை

இச்சரிதையை நம் கல்லூரியின் விழா மலரிலே எழுதுவானேன் என வாசகர் வினவலாம். போரைப் புகழ்வது நம் நோக்கமன்று. போர் இன்னதென்பதை ஏட்டிற் படித்தறியும் நிலையில் நம் சமூகம் இல்லை. அதனை வீட்டுக் கூரையிலும் வேலியிலும் கண்டவர் நாம். நாம் இங்கே காட்ட விரும்புவது வேறு.

அவ்விமானத்தை மீட்டது யாது? அதன் அழகன்று, அதன் புகழுமன்று. புகழ் எழுபது ஆண்டுகளாய் எவருக்கும் தெரியாதிருந்தது. மீட்டது ஓர் எண். அவ்வெண்ணை 1944இலே ஏதோ ஓர் அலுவலகத்தில், பெயர் தெரியாத எழுதுவினைஞர் ஒருவர், இதனால் யாருக்கு என்ன பயன் என்று சலியாமல், பிழையின்றி எழுதி வைத்தார். பின்வந்தோர் அவ்வேட்டை எரிக்காமலும் எறியாமலும் வைத்திருந்தனர். இவ்விரண்டில் ஒன்று தவறியிருப்பினும் அவ்விமானம் பெயரிழந்த ஒரு பழைய தகரக் கூடே.

நம்மிடம் என்ன இருக்கின்றது? 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது நாம் இழந்தவற்றுக்குப் பிரதி வேறெங்கும் இல்லாதன பல. பின்வந்த போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து அலைந்தபோது, எத்தனையோ பாடசாலைகளின் இடாப்புகளும், சம்பவத் திரட்டுப் புத்தகங்களும், ஒளிப்படங்களும் மழையிலும் கறையானிலும் மறைந்தன. புகழ்பெற்ற பழைய மாணவரின் பெயரை நாம் மறவோம். அவர் சுவாமி போன்றவர், எவரும் காண்பர். அவரைத் தோளிற் காவி இவ்விடம் வரை கொண்டுவந்து இறக்கியவர் யாவர்? பாலர் வகுப்பிலே கை பிடித்து அரிச்சுவடி எழுதுவித்தவர், விடுதியிலே விடியுமுன் அடுப்பு மூட்டியவர், மணி அடித்தவர், கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டாமல் விட்ட எழுதுவினைஞர், ஆகிய இவர்களின் பெயர் நம்முள் எத்தனை பேர்க்குத் தெரியும்?

ஆதலின் இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலே கிடக்கும் பழைய வகுப்புப் படத்தை எடுங்கள். அதிலுள்ளோரின் பெயர்களையும் ஆண்டையும் பின்புறத்திலே பென்சிலினால் எழுதுங்கள். ஓரத்திலே கைகட்டி நிற்கும் சிற்றூழியரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பெயர் நினைவுக்கு வராவிடின், அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பின்னர் ஒரு பிரதியைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். எழுபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதைத் தேடி வருவார்.